வட்டிலப்பத்தில் மாத்திரை

எங்கள் அலுவலகத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. யாருடைய பண்டிகையோ அவர் லீவு முடிந்து வரும்போது எல்லோருக்கும் தின்னக் கொண்டுவர வேண்டும். சித்திரையில் சிங்களவர்கள் கொக்கிஸும் கவுமும் கொண்டுவருவார்கள். தீபாவளிக்கு முறுக்கும் லட்டும் வரும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, கேக். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் என்னுடைய வட்டிலப்பம். கண்டி டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளை அது. அங்கே வேலை செய்கிற ஒரே முஸ்லிம் நான்தான். அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

வட்டிலப்பம் செய்வது லேசான வேலை இல்லை. கித்துள் கருப்பட்டியைச் சீவிக் கரைத்து, கட்டித் தேங்காய்ப் பாலில் முட்டை அடித்துச் சேர்த்து, வடிகட்டி, ஏலம் போட்டு, சின்னக் கப்புகளில் ஊற்றி ஆவியில் அவிக்க வேண்டும். ஆவி கொஞ்சம் கூடினால் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்துவிடும். அதைப் பெட்டியில் அடுக்கி, மாத்தளை ரோட்டின் வளைவுகளில் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்க்கிறவளிடம், "மாத்திரை போடேல்லைத்தானே?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு தடவை கேட்டால் சிரிக்கலாம். நான் சிரித்தேன்.

கேட்டவர் எங்கள் உதவி முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து தலை நரைத்தவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். கலவரம் நடந்த வருஷம், எங்கள் பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்த நாளில், ஊரடங்கு போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மற்றவர்கள் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். பஸ் நின்றுவிட்டது. அவர்தான் தன் காரில் என்னை ஏற்றினார். கட்டுகஸ்தோட்டையில் மறித்தவர்களிடம் "மகே நங்கி", என் தங்கச்சி, என்று சிங்களத்தில் சொன்னார். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அன்றைக்கு என் உம்மா அவருக்காகக் கேட்ட துஆ கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கலவர காலத்தில் போனுக்குப் போன் பாய்ந்த கதைதான் இந்த மாத்திரைக் கதை. முஸ்லிம் கடைகளின் கொத்து ரொட்டியில், தின்கிறவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போக மாத்திரை கலக்கிறார்களாம். "வந்த பெத்தி", மலட்டு மாத்திரை, என்று சிங்களத்தில் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று டொக்டர்மார் தலைகீழாக நின்று சொன்னார்கள். யார் கேட்டது?

அதே வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து நான் வட்டிலப்பத்தோடு போனேன். தேத்தண்ணி அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்த நேரம். அவர் ஒரு கப்பை எடுத்து, கண்ணைச் சிமிட்டி, அந்தக் கேள்வியைக் கேட்டார். அறையே கொல்லென்று சிரித்தது. நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிய மாதிரி எனக்கும் இருந்தது. அந்தக் கார்ப் பயணத்துக்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் நான் சிரித்திருப்பேன்.

அடுத்த பெருநாளுக்கும் அதே கேள்வி. அதற்கடுத்ததற்கும். கொஞ்சக் காலத்தில் அது வட்டிலப்பத்தோடு சேர்ந்த சாமான் ஆகிவிட்டது. அவர் லீவில் இருந்தால் வேறு யாராவது கேட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெடியன்களுக்கு என் பெயர் தெரியும் முன்பே மாத்திரைக் கதை தெரிந்திருந்தது. ஒரு நாள் கவுண்டரில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து லீவு முடிந்து வந்த அன்று உதவி முகாமையாளர் அதற்கு ஒரு வாலும் ஒட்டினார். மற்ற ஆக்களுக்கு மாத்திரை, உங்கட ஆக்களுக்கு மட்டும் மகசூல் மருந்தோ என்றார். அதற்கும் சிரிப்பு. நான் அன்று சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை ஒருவரும் கவனிக்கவுமில்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்த மனிசன் செல்லிட்டுப் போகட்டும் விடு. உசிரக் காப்பாத்தினவர் வாய்க்கு பூட்டுப் போட ஏலுமா?" என்றார். இதுதான் எனக்கு ஆத்திரம். நன்றிக் கடன் என்றால் வாழ்நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதா?

இதைப் பேச எனக்கு அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒருத்திதான். பக்கத்து மேசைக்காரி. மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, டவுனுக்கு வந்து, டவுன் வேதக்காரர், கிறிஸ்தவர், ஒருவரைக் கட்டியவள். என்னை அக்கா என்பாள். அவளையும் உதவி முகாமையாளர் விட்டு வைக்கவில்லை. காலையில் பிந்தி வந்தால் "பெரட்டு முடிஞ்சுதே பிள்ளை?" என்பார், தோட்டத்தில் காலையில் ஆள் எடுக்கிற மாதிரி. மாதக் கணக்குச் சரியாக வந்தால் "கொழுந்து நிறுத்தாச்சு" என்பார், பறித்த தேயிலையை எடை போட்ட மாதிரி. இந்தத் தோட்டக்காட்டு ஆக்கள் இல்லாட்டி நாங்கள் தேத்தண்ணி குடிப்பமே என்று பாராட்டுகிற மாதிரி ஒரு தடவை சொன்னார். தோட்டக்காட்டான் என்ற சொல்லை வைத்து இந்த நாட்டில் எத்தனை பேரைத் தலைகுனிய வைத்திருக்கிறார்கள் என்று தமிழ் படித்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். அதற்கும் அவரிடம் பதில் உண்டு. பகிடிக்குத்தானே.

வேலை முடிந்து வாவிக்கரையால் பஸ்ஸுக்கு நடக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அவரைப் போல் பேசிக் காட்டிச் சிரித்துத்தான் கோபத்தைத் தீர்ப்போம். அவள் என்னை விடப் பொறுமைக்காரி. "அவரு மனசுல ஒண்ணுமில்லக்கா, வாயிலதான்" என்பாள். மனசில் இல்லாதது வாய்க்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்பேன்.

அவளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மாதத்துக்கொரு டொக்டர், மாமியின் நீட்டிய முகம். இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். அவளுக்கு என் வட்டிலப்பம் என்றால் உயிர். பெட்டியைத் திறக்கும் முன்பே கரண்டியோடு வந்து நிற்பாள். அவள் புருஷனுக்கென்று ஒரு கப் தனியாக மூடிக் கொடுத்தனுப்புவேன். வருஷாவருஷம் அதுதான் பழக்கம்.

கடைசியாக வந்த நோன்புப் பெருநாளுக்கு அவள் முதலில் வரவில்லை. எல்லோரும் எடுத்த பிறகு வந்தாள். வயிறு நிறைந்திருக்கிறது, பிறகு சாப்பிடுகிறேன் என்று தன் கப்பையும் புருஷனுடைய கப்பையும் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் வாசலில் நின்ற செக்கியூரிட்டி மாமா, சிங்களவர், வட்டிலப்பம் அபாரம் என்றார். ஒன்று போதாதென்று நினைத்தேன், அந்த மிஸ் தன்னுடைய இரண்டையும் எனக்கே தந்துவிட்டார், நல்ல பிள்ளை என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் கால் படியில் நின்றுவிட்டது.

இனிப்பை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று பின்னேரம் அவள் கடையில் வாங்கிய ஐஸ்கிறீமைத் தின்றுகொண்டு என்னோடு நடந்தாள்.

இரண்டு கிழமை போயிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. வாவிக்கரையில் ஒரே குடையில் நடக்கும்போது அவள் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

கேள் என்றேன்.

"நீங்க கலப்பீங்கன்னு நான் நெனைக்கல. மாதா மேல சத்தியமா நெனைக்கல. ஆனா நீங்க வாங்குற சாமான்ல கடைக்காரங்க ஏதாச்சும் போட்டிருந்தா, அது ஒங்களுக்கும் தெரியாதில்ல?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது அடைத்துவிட்டது. நானும் அதைத்தானே தின்கிறேன், மூன்று பிள்ளை பெற்றவள் இல்லையா என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததை விடக் கூடிவிட்டது. அவள் குடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஒங்க ஆளுங்களுக்கு அது ஒண்ணும் செய்யாதுன்னு சேர் சொன்னாரே" என்றாள்.

மகசூல் மருந்து. அவர் என் பிள்ளைப்பேற்று லீவு முடிந்த அன்று ஒட்டிய வால். அதை இவள் எடுத்துச் சாட்சியாக வைத்திருக்கிறாள்.

"அது அவர் பகிடிக்குச் சென்னது" என்றேன். என் வாயாலேயே அந்தச் சொல் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தெரியும்க்கா. ஆபீஸ்ல இருக்கப்ப பகிடின்னுதான் தெரியுது. வீட்டுல தனியாப் படுத்துக்கிட்டு, ஏன் நமக்கு மட்டும் தங்க மாட்டேங்குதுன்னு யோசிக்கிறப்ப பகிடியாத் தெரியல." அதோடு, "தோட்டத்து ஆஸ்பத்திரில எங்கம்மாவுக்கு சத்து ஊசின்னு சொல்லித்தான் போட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தம்பி தங்கச்சி இல்ல" என்றாள்.

நான் கோபப்பட்டிருக்கலாம். கோபம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை, எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரிக்கச் சிரிக்க, அடி விழுந்திருக்கிறது. அவள் அம்மி கூட இல்லை, இரண்டு பிள்ளையை இழந்தவள். சொல்லாமல் ஊசி போட்ட உலகத்தில் வளர்ந்தவளுக்கு, சொல்லாமல் மாத்திரை போடுவார்கள் என்பது நடக்காத காரியமா? என்னை நம்புகிறாள், என் கருப்பட்டியை நம்பவில்லை. அதற்காக அவளோடு சண்டை போட என்னால் முடியவில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். மறுபடி தங்கியிருக்கிறதாம். டொக்டருக்கும் புருஷனுக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது, மாமிக்கே தெரியாது. போன இரண்டு தடவையும் ஊரெல்லாம் தெரிந்து, பிறகு ஊரெல்லாம் ஆறுதல் சொல்ல வந்து, அந்த ஆறுதலைத் தாங்குவதுதான் பெரிய நோவாக இருந்ததாம். இந்தத் தடவை வயிறு தானாகத் தெரியும் வரை மூச்சு விடக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன்.

அந்த வாரமே உதவி முகாமையாளரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, மாத்திரைக் கதையை இனிமேல் விட்டுவிடுங்கள் சேர் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. என்னிடம் போய் இப்படி எப்படிச் சொல்கிறாய் என்கிற மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட ஆக்களைப் பற்றிப் பிழையா நினைக்கிற ஆளே நான்? அண்டைக்கு அந்த ரோட்டால உம்மை ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

அவர் தொடர்ந்தார். அந்தக் கதை எவ்வளவு முட்டாள்தனம் என்று காட்டத்தான் தான் அதைச் சொல்வதாகச் சொன்னார். சிரித்துச் சிரித்தே அதைக் கொன்றுவிட வேண்டுமாம். அதை உண்மையென்று நம்ப இந்தக் கிளையில் ஒருத்தராவது இருந்தால் பெயரைச் சொல்லும், நான் இண்டைக்கே வாயை மூடுறன் என்றார்.

பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் உண்மையிலேயே வாயை மூடியிருப்பார். ஆனால் அதோடு நிற்பாரா? அவளைக் கூப்பிட்டு, இரக்கத்தோடு, எல்லோர் முன்னாலும் விளக்கம் கொடுத்திருப்பார். அவள் ஏன் பயந்தாள் என்று எல்லோரும் யோசித்திருப்பார்கள். யோசித்தால் வயிறு தெரிந்துவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அப்படி ஒருத்தரும் இல்லை சேர், எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். இப்போதெல்லாம் உங்களோடு ஒரு பகிடி கூட விட ஏலாது என்று, கோபமில்லாமல், உண்மையான கவலையோடு சொன்னார். வெளியே வரும்போது குற்றவாளி நான்தான் என்று எனக்கே தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. இந்தத் தடவை ஒன்றும் கொண்டுபோக மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். உம்மா விடவில்லை. கொண்டுபோகாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்றார். அது உண்மைதான். எனவே கருப்பட்டி சீவினேன். ஒவ்வொரு சாமானையும் போடும்போது, பைத்தியக்காரி மாதிரி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன்.

தேத்தண்ணி அறையில் எல்லோரும் இருந்தார்கள். அவளும் இருந்தாள், வராவிட்டால் ஏனென்று கேட்பார்கள் என்பதற்காக வந்திருந்தாள். தளர்ந்த சட்டை போட்டு, சுவரோடு சாய்ந்து நின்றாள். நான் பெட்டியைத் திறந்தேன். உதவி முகாமையாளர் கையைத் தூக்கி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். இன்றைக்கு மாத்திரைக் கதை இல்லை, தங்கச்சி என்னோடு கோபம் என்று அறிவித்தார். சிரிப்பு. நான் தரையைப் பார்த்தேன். கதை இல்லை என்று சொன்னதிலேயே கதை வந்துவிட்டதென்று அவருக்கு விளங்கவே இல்லை.

பிறகு என்னைச் சமாதானப்படுத்த நினைத்தார். சத்தியமாக அதற்குத்தான். முதல் கப்பை எடுத்து, கரண்டியைப் போட்டு, சுவரோரம் நின்றவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பிள்ளை, எப்பவும் நீர்தானே முதல் ஆள். எல்லாரும் பாக்கச் சாப்பிட்டுக் காட்டும். இஞ்சை ஒருத்தரும் அந்தக் கதையை நம்பேல்லை எண்டு தங்கச்சிக்குத் தெரியட்டும்."

அவள் வாங்கினாள். வாங்காமல் என்ன செய்வாள்? எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ சந்தேகமோ இல்லை, மன்னிப்புக் கேட்பதுதான் இருந்தது. எனக்காகத் தின்னப் போகிறாள் என்று விளங்கியது. தின்றுவிட்டு இன்று இரவும் நாளையும் அதற்கடுத்த மாதங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து கிடக்கப் போகிறாள். அல்லாஹ் காக்கட்டும், ஏதாவது ஆகிவிட்டால் அது ஆயுள் முழுக்க என் வட்டிலப்பம்தான். சாப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடாதே என்று எப்படிச் சொல்வது? கரண்டி உதட்டுக்குப் போய்விட்டது.

நான் இரண்டு எட்டில் போய் அவள் கையிலிருந்து கப்பையும் கரண்டியையும் பறித்தேன்.

இவளுக்கு இனிப்புக் கூடாது, டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஏதோ உளறினேன். யாருடைய காதிலும் அது ஏறவில்லை. உதவி முகாமையாளர் என் கையிலிருந்த கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது.

"பாத்தியளே, போட்டவவே பறிக்கிறா. அப்ப ஏதோ இருக்கு."

சுவர் அதிரச் சிரித்தார்கள். ஒருத்தருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தபடியே ஆளுக்கொரு கப் எடுத்துத் தின்றார்கள். பெட்டி வெறுமையாகி, அருமை, இந்த வருஷம்தான் திறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பறித்த கப்பை நான் அங்கேயே நின்று தின்று முடித்தேன். அவள் என் பக்கத்தில் நின்று பெட்டியின் மூடியைத் துடைத்துத் தந்தாள்.

அவள் இப்போது லீவில் இருக்கிறாள். வயிறு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இன்னும் நாள் இருக்கிறது, நான் தொழுகையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுடைய இடத்துக்கு ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கிறது. அதற்கு உதவி முகாமையாளர் மாத்திரைக் கதையைச் சொல்வதைப் போன கிழமை கேட்டேன். முன்பெல்லாம் கொத்து ரொட்டியில் தொடங்குவார். இப்போது நான் கப்பைப் பறித்ததில் தொடங்குகிறார்.